‘கட்’ சொல்லும்வரை

கார்னெட், யூட்டா
பிப்ரவரி 15, 1979

மதிப்பிற்குரிய திரு. லெஸ்டர் ப்ரூயிட் அவர்களுக்கு,

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு படப்பிடிப்புக்காக வந்து எங்கள் வீட்டுப் பின்னறையில் ஐந்து வாரம் தங்கியிருந்தீர்கள். சாப்பாடு எங்கள் மேசையில்தான். எங்கள் சபைக்கு விலக்கான காப்பியை மட்டும் அம்மா வீட்டுக்குள் விடமாட்டாள் என்பதால் வேலியோரம் நின்று குடிப்பீர்கள். ராத்திரியில் நாங்கள் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பச்சை வெங்காயத்தோடு சாப்பிடுவதைப் பார்த்து, “இதைத் தின்னுட்டா இந்த ஊர்ல குதிரை அடக்கறீங்க?” என்று கேட்டவர் நீங்கள். நான் அர்வில்லா ஸ்டாடர்ட். எல்டனின் அக்கா. உங்கள் முகவரியை நியூஹாலில் இருக்கும் சேணக் கடைக்காரர் தந்தார்.

அம்மா நவம்பரில் காலமானாள். அவளுடைய வேதப் புத்தகத்துக்குள் நீங்கள் 1961 அக்டோபரில் எழுதிய கடிதம் இருந்தது. அதைத் திறந்து திறந்து படித்ததில் மடிப்புகள் கிழிந்திருந்தன. “ஒத்திகையில் நடந்தது. கேமரா ஓடவில்லை. விழுந்த கணமே போய்விட்டான். அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.” இந்த நான்கு வாக்கியங்களைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா பதினேழு வருடம் தூங்கினாள். நானும்தான்.

அம்மா உயிரோடு இருந்தவரை எங்கள் வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. எல்டன் நடித்த தொடரைப் பற்றி அவள் முன்னால் யாரும் பேசமாட்டார்கள். சென்ற மாதம் ஒரு பெட்டி வாங்கினேன். பக்கத்து வீட்டு நெட்ரா வந்து பார்த்தாள்.

“சாயங்காலம் நாலு மணிக்குப் போடுங்க. இந்த வாரம் எல்டன் வருவான்.”

“எந்த எல்டன்?”

“நம்ம எல்டன்தான். வருஷா வருஷம் வரானே. உங்களுக்குத் தெரியாதா?”

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை பார்த்தேன். ‘வில்லோ கிராசிங்’ தொடரில் ‘ஐந்தாவது ஆள்’ என்ற பகுதி. வங்கியைக் கொள்ளையடித்த ஐந்து பேர் பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். நான்கு பேர் சுடப்பட்டு விழுகிறார்கள். ஐந்தாவது ஆள் தப்பி ஓடப் பார்க்கிறான். அவன் குதிரையோடு விழுகிறான். தூசி அடங்குகிறது. கேமரா அவன்மேல் நிற்கிறது. ஒன்பது வினாடி. பிறகு காவல் அதிகாரியான மார்ஷல் வருகிறார்.

அந்த ஐந்தாவது ஆள் என் தம்பி. எட்டாவது வினாடியில் அவன் இடது கை விரல்கள் நகர்கின்றன.

நாற்பது வருடம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். எல்டனும் என் வகுப்பில்தான் படித்தான். எனக்கும் அவனுக்கும் இருபது வயது வித்தியாசம். வகுப்பில் ‘மிஸ் ஸ்டாடர்ட்’ என்றும் வீட்டில் ‘வில்லா’ என்றும் கூப்பிடுவான். ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் அசையாமல் உட்கார்ந்ததில்லை. தேவாலயத்தில் பிரார்த்தனைக்குக் கண் மூடினால்கூட முழங்கால் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஒன்பது வினாடி நடிப்பாக இருக்க முடியாது.

நான் பார்த்தது ஒத்திகையா, படமா? விழுந்த பிறகு என் தம்பிக்கு எவ்வளவு நேரம் நினைவு இருந்தது? இந்த இரண்டு கேள்விதான்.

இப்படிக்கு,
அர்வில்லா ஸ்டாடர்ட்


நியூஹால், கலிஃபோர்னியா
மார்ச் 8, 1979

டீச்சர் அவர்களுக்கு,

அம்மா போன செய்தி வருத்தமாக இருந்தது. நல்ல மனுஷி. காப்பி விஷயத்தைத் தவிர.

நான் அன்றைக்கு எழுதியதுதான். ஒத்திகையில் நடந்தது. நீங்கள் பார்த்தது எல்டன் இல்லை, நான். அவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு நான்தான் விழுந்தேன். ஸ்டண்ட் ஆளின் வேலையே அதுதான். தூரத்திலிருந்து எடுத்தது, முகம் சரியாகத் தெரியாது. துக்கத்தில் இருக்கும் கண்ணுக்கு எல்லாரும் நம்ம ஆள் மாதிரிதான் தெரியும்.

அந்த நேரத்துக்கு வேறு சேனல் வையுங்கள். சமையல் நிகழ்ச்சி ஏதாவது வரும்.

லெஸ்டர் ப்ரூயிட்


கார்னெட்
மார்ச் 20, 1979

திரு. ப்ரூயிட் அவர்களுக்கு,

பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவனை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் தெரியுமா? சரியான விடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்திருப்பார்கள். அதை வைத்துத்தான். 1961 கடிதத்திலும் இந்தக் கடிதத்திலும் அந்த மாதிரி ஒரே தப்பு இருக்கிறது: ‘ஒத்திகையில் நடந்தது.’

எங்கள் ஊர்த் தொலைக்காட்சி நிலையம் செவ்வாய்க்கிழமை போட்டதைச் சனிக்கிழமை மதியம் மறுபடி போடும். இரண்டாம் முறை பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தேன். விழுந்தவன் வலது கையில் கடிவாள வார் சுற்றியிருக்கிறது. விழும்போதும் விடவில்லை, விழுந்த பிறகும் விடவில்லை. எங்கள் மேசையில் உட்கார்ந்து, முள்கரண்டியைக் குதிரையாக வைத்து நீங்கள் எல்டனுக்குச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. “முதல் காரியம், வாரை விட்டுடு. குதிரை எந்திரிக்கறப்ப நீ அது கூட இருக்கக் கூடாது.” இருபது வருடம் அதைச் செய்தவர் வாரைப் பிடித்துக்கொண்டு விழுவாரா? எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் பிடித்துக்கொள்வார்கள். இங்கே குதிரையை விட்டால் இருபது மைல் நடந்து வீட்டுக்கு வர வேண்டும். விழுந்தாலும் வாரை விடாதே என்று நடக்கக் கற்றுக்கொடுக்கும்போதே சொல்லிவைக்கிறோம்.

அடுத்தது. எல்டனுக்கு நாலடி தள்ளி ஒருவர் செத்துக் கிடக்கிறார். நான்காவது ஆள். தொப்பி முகத்தை மூடியிருக்கிறது. இடது கையுறையில் மோதிர விரல் காலியாகத் தொங்குகிறது. கயிற்றில் மாட்டிப் போன உங்கள் விரலைப் பற்றி நீங்கள் அம்மாவிடம் சொன்னபோது அவள் பீச் பழத் துண்டை இன்னொன்று உங்கள் தட்டில் வைத்தாள்.

எல்டன் முகம் உங்களைப் பார்த்துத்தான் இருக்கிறது.

நிலையத்துக்குத் தொலைபேசினேன். அங்கே இருந்த பெண் அன்பாகப் பேசினாள். தொடர் மொத்தமும் ஒரு சுற்று முடிய ஏழு மாதம் ஆகுமாம். செப்டம்பர் 18, செவ்வாய்க்கிழமை ‘ஐந்தாவது ஆள்’ திரும்ப வரும். “உங்களுக்குப் பிடிச்ச எபிசோடா மேடம்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

எங்கள் தெருவில் பதினோரு வீடு. நாலு மணிக்குப் பதினோரு வீட்டிலும் இந்தத் தொடர்தான் ஓடும். ஜன்னல் திறந்திருந்தால் ஒரே இசை வீடு வீடாகக் கேட்கும். பதினோரு வீட்டிலும் ஒரே நேரத்தில் என் தம்பி விழுகிறான். நான் என் வீட்டுப் பெட்டியை அணைத்தால் பத்து வீட்டில் விழுவான். ஆகவே சமையல் நிகழ்ச்சி உதவாது. செப்டம்பருக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் அதை இன்னொரு முறை என்னால் பார்க்க முடியாது.

அர்வில்லா ஸ்டாடர்ட்


கார்னெட்
ஏப்ரல் 25, 1979
(அஞ்சலட்டை)

பதில் வரவில்லை. நான் காத்திருப்பதில் பழகியவள். நாற்பது வருடம் மார்ச் மாதத்தில் ஏழாம் வாய்ப்பாட்டுக்குக் காத்திருந்திருக்கிறேன்.

அ. ஸ்டாடர்ட்


நியூஹால்
மே 14, 1979

டீச்சர்,

அட்டையைத் தபால்காரன் படித்துவிட்டு, “யாருண்ணே இது, பழைய வாத்தியாரம்மாவா? வாய்ப்பாடு பாக்கி இருக்கா?” என்று கேட்கிறான். இங்கே சக்கரம் வைத்த இந்த வண்டி வீடுகளில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

சரி. படம்தான், ஒத்திகை இல்லை. நான்காவது ஆள் நான்தான்.

அந்த விழும் வேலை என்னுடையது. மூன்று நாள் முன்னால் வேறொரு காட்சியில் என் தோள் கழன்றுவிட்டது. கம்பெனிக்குத் தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள் என்று துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு திரிந்தேன். எல்டன் பார்த்துவிட்டான். “நான் விழறேன் லெஸ்” என்றான். “உன் வேலை இல்லடா அது, நீ கூட்டத்துல ஒருத்தன்” என்றேன். “கூட்டத்துல ஒருத்தன்தானே விழணும்? அஞ்சாவது ஆள் மூஞ்சிய யார் பாக்கப் போறா?” என்றான். சட்டையை மாற்றிக்கொண்டோம். நான் சும்மா படுத்துக் கிடக்கிற நான்காவது ஆளாகப் போனேன்.

குதிரை எழும்போது பின்னங்கால் குளம்பு அவன் தலையில் பட்டது. உடனே முடிந்துவிட்டது. கை அசைந்தது என்றால், அடிபட்டுச் செத்த மானைப் பார்த்ததில்லையா நீங்கள்? கால் உதறிக்கொண்டே இருக்கும். அதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது.

இத்தோடு விட்டுவிடுங்கள். பதினெட்டு வருடம் ஆகிறது. என்னை உட்காரவைத்துத் திருத்துவதற்கு நான் உங்கள் மூன்றாம் வகுப்பு இல்லை.

லெஸ்டர்


கார்னெட்
ஜூன் 11, 1979

லெஸ்டர்,

மானைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். இன்னொன்று எழுதினேன், அதையும் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது. இதில் உங்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

எங்கள் பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகள் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். எப்போது தொடங்கியது என்று நான் கவனித்ததில்லை. பதினைந்து வருடமாவது இருக்கும். ஐந்து பேர் ஓடி வருவார்கள். ஒருவன் கையை நீட்டிச் சுடுவான். நான்கு பேர் விழுவார்கள். ஐந்தாவது பிள்ளை கொஞ்ச தூரம் ஓடித் திரும்பிப் பார்த்து விழ வேண்டும். பிறகு யார் அசையாமல் கிடக்கிறார்களோ அவர்களுக்கு ஜெயம். அதன் பெயர் ‘அஞ்சாவது ஆள்’. ஐந்தாவது ஆளாக இருக்கத்தான் எல்லாருக்கும் ஆசை.

பிள்ளைகள் வீட்டில் அந்தத் தொடரைப் பார்க்கிறவர்கள். எனக்கு அது என்னவென்று தெரியாது. ஏதோ எண்ணிக்கை விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

இடைவேளையில் முற்றத்தைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வருடா வருடம், வாரத்துக்கு மூன்று நாள். சண்டை வந்தால் என்னிடம்தான் ஓடி வருவார்கள். “மிஸ் ஸ்டாடர்ட், ரோண்டா அசைஞ்சா!” “நான் அசையல, காத்து!” நான் மணியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவே நின்று தீர்ப்புச் சொல்வேன். “ரோண்டா, உன் விரல் அசைந்ததை நான் பார்த்தேன். நீ ஆட்டத்தில் இல்லை.”

நான் பார்த்தேன் என்று சொன்னேன், லெஸ்டர். விரல் அசைந்தால் தப்பு என்று பதினைந்து வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நன்றாக அசையாமல் கிடந்தவனைத் தட்டிக்கொடுத்தேன். அவர்கள் கிடந்த இடம், என் தம்பி மூன்றாம் வகுப்பில் கோலி விளையாடிய இடம்.

போன வாரம் பள்ளி பூட்டிக் கிடந்தது. முற்றத்துக்குப் போய் நின்றேன். சிவப்பு மண்ணில் சின்னச் சின்ன உடம்புகளின் அச்சு இருந்தது. விடுமுறை விட்டதிலிருந்து மழை பெய்யவில்லை, அவ்வளவுதான். ஆனால் என்னால் அதன்மேல் கால் வைக்க முடியவில்லை. சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

குற்றவாளியைத் தேடி நான் எழுதவில்லை. தெரியாமல் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் நாலடி தூரத்தில் இருந்தீர்கள். அவன் கண் திறந்திருந்ததா?

அர்வில்லா


நியூஹால்
ஜூலை 9, 1979

மிஸ் ஸ்டாடர்ட்,

திறந்திருந்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் முதல் மனைவிக்குத் தெரியாது, இரண்டாமவளுக்கும் தெரியாது. எழுத்துப் பிழை இருந்தால் விட்டுவிடுங்கள்.

முதல் டேக்கில் அவன் அழகாக விழுந்தான். வாரை விட்டான், தோளை மடக்கினான், நான் சொன்னது எல்லாம் செய்தான். விழுந்த உடனே எழுந்து உட்கார்ந்து, வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, “எப்படி இருந்துச்சு லெஸ்?” என்று கேட்டான். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. இயக்குநர் கத்தினார். “செத்தவன் எந்திரிச்சுக் கேள்வி கேக்கறான்யா! யாருய்யா இவனக் கூட்டிட்டு வந்தது?” எல்லாரும் சிரித்தார்கள். எல்டன்தான் அதிகம் சிரித்தான்.

இரண்டாம் முறை எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. விழுகிற இடத்தைத் திரும்பக் கொத்தி மெத்தையாக்க வேண்டும், கால் தடமெல்லாம் துடைப்பத்தால் அழிக்க வேண்டும். சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு டேக்தான், தப்பினால் அடுத்த நாள் எல்லாரும் திரும்பி வர வேண்டும். அடுத்த நாள் வந்தால் என் தோளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவன் காதைப் பிடித்தேன். விளையாட்டாகத்தான்.

“இந்தத் தடவை மலையே இடிஞ்சு மேல விழுந்தாலும் அசையக் கூடாது. ‘கட்’னு காதுல விழற வரைக்கும் நீ பொணம். புரியுதா?”

“புரியுது.”

“என்ன புரியுது?”

“நான் பொணம்.”

எங்கள் தொழிலில் எல்லாருக்கும் சொல்கிற பேச்சுதான். எனக்கும் ஒருவர் அப்படித்தான் காதைப் பிடித்துச் சொன்னார். அசையாமல் கிடப்பதையே நினைத்துக்கொண்டு போனதில் அவன் வாரை மறந்துவிட்டான். உங்கள் ஊர்க் கை, பிடித்துக்கொண்டது.

நான் தொப்பிக்கு அடியில் கிடக்கிறேன். விளிம்பு வழியாகப் பார்க்க முடியும். குளம்பு பட்ட சத்தம் கேட்டேன். சேணத்தில் பட்டது என்று நினைத்தேன். அவன் என் பக்கம் முகம் திரும்பிக் கிடந்தான். காதிலிருந்து ஒரு கோடு இறங்கி வந்தது. உங்கள் ஊர் மண் சிவப்பு, மிஸ் ஸ்டாடர்ட். நாங்கள் எல்லாருமே ஐந்து வாரமாகச் சிவப்பாகத்தான் இருந்தோம். மண்ணுதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டுத்தான் சொல்லிக்கொண்டேன்.

அவன் உதடு அசையாமல் பேசினான். அதுவும் நான் கற்றுக்கொடுத்ததுதான்.

“லெஸ். சொல்லிட்டாங்களா?”

நானும் உதடு அசையாமல் சொன்னேன். “இன்னும் இல்ல. அசையாத.”

அப்போதுதான் விரல்களை நீட்டினான். என் பக்கமாக. நான், “நல்லாப் பண்றடா. அப்படியே இரு” என்றேன்.

கொஞ்ச நேரம் போனது. வெளிச்சம் அந்த மாதிரி விழுவது வருடத்தில் ஒரு முறைதான் என்று இயக்குநர் ஓடவிட்டுக்கொண்டே இருந்தார். நீங்கள் பார்த்தது ஒன்பது வினாடி. நாங்கள் கிடந்தது இரண்டு நிமிடத்துக்கு மேல்.

“சொல்லிட்டாங்களா?”

“கொஞ்ச நேரம்தான்டா.”

மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை. நான் மனதுக்குள், பையன் தேறிவிட்டான் என்று நினைத்தேன்.

‘கட்’ சொன்னார்கள். எல்லாரும் கை தட்டினார்கள், எல்டனுக்காகத்தான். இயக்குநர், “இவன்யா பொணம்!” என்றார். நான் எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டே, “எந்திரிடா, சொல்லிட்டாங்க” என்றேன். இரண்டு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை கொஞ்சம் கோபமாக.

ஒத்திகையில் நடந்தது என்று கம்பெனி ஆள் ஒரு தாளில் எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். உங்கள் அம்மாவுக்கு எழுதிய நான்கு வாக்கியமும் அந்தத் தாளிலிருந்து பார்த்து எழுதியதுதான். காப்பியடித்ததைக் கண்டுபிடிப்பேன் என்றீர்கள். கண்டுபிடித்துவிட்டீர்கள்.

ஒன்று கேட்கிறேன். அவன் முதல் தடவை கேட்டபோதே நான் எழுந்து கத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா? அன்றைக்கு அவனைப் பார்த்த டாக்டர் இன்னும் அந்த ஊரில் இருக்கிறாரா?

லெஸ்டர் ப்ரூயிட்


கார்னெட்
ஆகஸ்ட் 6, 1979

லெஸ்டர்,

நான்கு வாரமாக உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

டாக்டர் லண்டைப் பார்க்கப் போனேன். மகள் வீட்டில் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, நினைவு தெளிவாக இருக்கிறது. நீங்கள் கேட்டதை அப்படியே கேட்டேன்.

“வில்லா, ஆஸ்பத்திரி எண்பது மைல் தள்ளி. ரெண்டு நிமிஷத்துல என்ன ஆயிடும்னு நான் சொல்லணும்?”

“எனக்கு ஆறுதலா இருக்கணும்னு சொல்லாதீங்க டாக்டர். உள்ளதைச் சொல்லுங்க.”

“தெரியலம்மா” என்றார்.

உங்களுக்கு அதைத்தான் தர முடியும். பிழைத்திருக்கமாட்டான் என்று எழுதிவிடலாம் என்று தபால் நிலையம் வரை போனேன். எழுதியிருந்தால் நீங்கள் தூங்குவீர்கள். அம்மா தூங்கினாளே, அந்த மாதிரி. பிறகு திரும்பி வந்துவிட்டேன்.

எனக்குக் கோபம் இருக்கிறது. அவன் காதைப் பிடித்ததில் இல்லை; நானும் அந்தக் காதை எத்தனையோ தடவை பிடித்திருக்கிறேன். அந்தச் சிவப்பை மண் என்று சொல்லிக்கொண்டீர்களே, அதில். கணக்கில் ஒரு பிள்ளை எல்லா வரியையும் விதிப்படி சரியாகப் போட்டுக்கொண்டே வந்து, விடையைத் தப்பாக எழுதும். விதியைக் குறை சொல்ல முடியாது, பிள்ளையையும் அடிக்கத் தோன்றாது. ஆனால் விடை தப்பு. அதற்கு மதிப்பெண் போட எனக்கு ஒருபோதும் கை வந்ததில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் அவன் தனியாகப் போனான் என்று நினைத்திருந்தேன். ஒரு கணம் என்றாலும் தனியாக. அவன் கேட்டிருக்கிறான், கேட்டதற்கு யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு தடவை. அது என்னை என்ன செய்கிறது என்று இன்னும் தெரியவில்லை. பகலில் பாத்திரம் கழுவும்போது திடீரென்று அவன் குரலில் கேட்கிறது. “சொல்லிட்டாங்களா?” நான் குழாயை மூடிவிட்டு நிற்கிறேன்.

செப்டம்பர் 18-ஆம் தேதி பார்க்கத்தான் போகிறேன். என்ன பார்க்கிறேன் என்று இப்போது தெரியும். அவன் விரல் நீளும்போது நான் இங்கிருந்து சொல்லிவிடுவேன்: சொல்லிட்டாங்கடா, எழுந்திரு. பைத்தியக்காரத்தனம்தான். நெட்ராவிடம் அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அர்வில்லா


நியூஹால்
செப்டம்பர் 3, 1979

வில்லா அவர்களுக்கு,

எல்டன் உங்களை அப்படித்தான் கூப்பிடுவான். ஒரு தடவை மட்டும் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதியதற்கு நன்றி. வேறு மாதிரி எழுதியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். பொய்யின் கையெழுத்து எனக்குத் தெரியும்.

இங்கே வண்டி வீடுகளுக்குப் பொதுவாக ஒரு கூடம் இருக்கிறது. அதில் ஒரு பெட்டி. மதியம் இரண்டு மணிக்கு இதே தொடர்தான், வேறு நிலையம், உங்களுக்குப் பத்து நாள் பின்னால் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பகுதி வருகிற வாரம் எனக்கு எப்படியோ தெரிந்துவிடும். இரண்டு மணிக்குக் கடைக்குப் போய்விடுவேன். வேண்டாத ஆணியெல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். கூடத்துக் கிழவர்கள், “லெஸ், நீ ஸ்டண்ட் ஆளாச்சே, வந்து சொல்லேன், எப்படி விழறாங்க?” என்று கூப்பிடுவார்கள். “விழறது சுலபம்யா” என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன்.

பதினெட்டு வருடமாக அந்தப் பகுதியை நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

லெஸ்டர்


கார்னெட்
செப்டம்பர் 18, 1979
மாலை ஐந்து மணி

லெஸ்டர்,

இப்போதுதான் முடிந்தது.

மூன்றரைக்கே உட்கார்ந்துவிட்டேன். திரைச்சீலையை இழுத்துவிட்டேன். தெருவில் ஒவ்வொரு வீடாக இசை தொடங்கியது. வங்கி, துரத்தல், பாறைகள். முதல் ஆள், இரண்டாவது, மூன்றாவது. நீங்கள் விழுந்தீர்கள், தொப்பி முகத்தில் சரிந்தது. எல்டன் திரும்பிப் பார்த்தான், குதிரையைத் தட்டினான். நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். சொல்ல வேண்டியதை வாயில் வைத்திருந்தேன்.

அவன் விழுந்தான். தூசி எழுந்தது.

உடனே ஒரு பெண் சமையலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தரை மெழுகு விளம்பரம். அது முடிந்து இன்னொரு விளம்பரம். பிறகு மார்ஷல் ஊருக்குள் வருகிறார், மதுக்கடை வாசலில் இறங்குகிறார். ஒன்பது வினாடியும் இல்லை. நீங்களும் இல்லை, அவனும் இல்லை.

நிலையத்துக்குத் தொலைபேசினேன். அதே பெண்தான். “விளம்பரத்துக்கு இடம் பத்தலன்னு எல்லா எபிசோடுலயும் அங்கங்க கொஞ்சம் வெட்டிட்டாங்க மேடம். கதைக்குத் தேவையில்லாத இடமாப் பாத்துத்தான் வெட்டுவாங்க. ரீல்லயே வெட்டியாச்சு, இனிமே இப்படித்தான் வரும்” என்றாள். “ரொம்பப் பேருக்கு வித்தியாசமே தெரியல.”

கத்தரிக்கோலோடு யாரோ ஒருவர், பெயர் தெரியாதவர், மேசையில் அந்தச் சுருளை விரித்து, இந்த ஆள் சும்மா கிடக்கிறானே என்று வெட்டியிருக்கிறார். பதினோரு வீட்டில் இன்றைக்கு யாரும் படுத்துக் கிடக்கவில்லை. நான் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். சொல்ல வைத்திருந்ததைத் தரை துடைக்கிற பெண்ணிடம் சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொன்னேன். சுவருக்கு அப்பால் நெட்ரா வீட்டில் பேச்சு நின்றுபோனது.

நீங்கள் சொன்ன கணக்குப்படி உங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை, 28-ஆம் தேதி, இரண்டு மணிக்கு வரும். அங்கே வேறு நிலையம், வேறு சுருள். அவர்கள் வெட்டியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அன்றைக்குக் கடைக்குப் போகாதீர்கள். கூடத்தில் கிழவர்கள் இருந்தால் இருக்கட்டும். உங்கள் ஊரில் அவன் இன்னும் படுத்துக் கிடந்தால், கேட்பான். இந்த முறை சரியான பதிலைச் சொல்லிவிடுங்கள்.

வில்லா